பாதிப் போத்தல்

எங்கள் வீட்டில் பாதிப் போத்தல் என்று ஒன்று இருந்ததே இல்லை. அரைப் போத்தல் இருந்தது, கால் போத்தல் இருந்தது. அதெல்லாம் கடையில் வாங்குகிற அளவு. நான் சொல்வது வேறு. திறந்து, கொஞ்சம் குடித்து, இன்றைக்கு இது போதும் என்று மூடி, நாளைக்கென்று எடுத்து வைத்த போத்தல். அப்படி ஒன்றை முதன்முதலாக நான் கண்டபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று. இடம் டோக்கியோவில் ஷின்ஜுகு, இரவு பத்தரை மணி இருக்கும். இலங்கைக்கு, ஊருக்குத் திரும்பி வந்து ஐந்து மாதமாகிறது. அங்கே பார்த்த எத்தனையோ விஷயம் மறந்துபோக, அந்தப் போத்தல் மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இரவு வேலை முடிந்து விடியப்புறம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நினைவுக்கு வருகிறது. ஆஸ்பத்திரி வாட்டில் வயிறு ஊதிப் படுத்திருக்கும் மனிதரின் கட்டிலைக் கடக்கும்போது நினைவுக்கு வருகிறது. எழுதிப் பார்த்தால் ஒரு தெளிவு வருமா என்று இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தாதி. முதியோர் பராமரிப்புப் பயிற்சி ஒன்றுக்காகப் பத்து நாள் டோக்கியோவில் இருந்தேன். சின்னம்மாவின் மகன் அங்கே மொழிப் பாடசாலையில் படிக்கிறான். மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அதையும் இரவில் ஒரு கடையில் நின்று செய்கிறான். எனக்கு லீவு கிடைத்த ஒரே சனிக்கிழமை அவனும் லீவு எடுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, கோயிலும் கோபுரமும் பகல்ல நீங்களே பாத்துக்கலாம். இந்த ஊர் ஆக்களப் பாக்கணும் எண்டா ராவைக்கு பார் பாரா ஏறி இறங்கணும். நீங்க குடிக்கத் தேவல்ல, சும்மா வாங்க" என்றான். நான் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. குடியைப் போல நான் வெறுத்த வேறொரு பொருளும் இல்லை. ஆனாலும் சரி என்றேன். ஏனென்றால் பார் என்கிற இடம் உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்குத் தெரியும்? சுற்றுலா விடுதிகளை விட்டுவிடுங்கள். சந்தியில் இருக்கிற பாரைச் சொல்கிறேன். உள்ளே நடப்பது வீதிக்குத் தெரியாதபடி ஒரு மறைப்பு. கம்பிக்குப் பின்னால் காசு வாங்குகிறவர். வாங்கியவர் சொப்பிங் பையைச் சுருட்டிச் சாரன் மடியில் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடக்கிற அந்த வேக நடை. இவ்வளவுதான் சிறு வயதிலிருந்து நான் கண்டது. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர, பெண்கள் மதுபானம் வாங்குவதற்கும் மதுக்கடையில் வேலை செய்வதற்கும் இருந்த தடையை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். அந்தச் செய்தி வந்த நேரம் எங்கள் வாட்டில் எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். தடை இருப்பதே நல்லது என்று அப்போது நான் சத்தமாகச் சொன்னது நினைவிருக்கிறது. குடித்துவிட்டு வந்தவர்களின் வீட்டில் வளர்ந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

கின்சா, யோட்சுயா, ஷின்ஜுகு மூன்றும் ஒரே சுரங்க ரயில் பாதையில் இருக்கின்றன. வரைபடத்தில் சிவப்புக் கோடு. கின்சாவில் தொடங்கினோம். அங்கே ஒரு பாரில் குடிக்கிற மேசையே ரயில் பாதையாக இருந்தது. கைவிரல் நீளத்தில் பெட்டி பெட்டியாகச் செய்த ரயில்கள், கிளாசுகளைச் சுற்றிச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தன. கோட்டுப் போட்ட இரண்டு பேர் ஒரு வார்த்தையும் பேசாமல், தங்கள் ரயில் எப்போது வரும் என்று கன்னத்தில் கை வைத்துப் பார்த்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அரை மணித்தியாலத்தில் எழுந்துவிட்டோம்.

யோட்சுயாவில் ஒரு குரு

யோட்சுயாவில் தம்பி காட்டியதை இங்கே யாரிடம் சொன்னாலும் நம்புகிறார்கள் இல்லை. அது பௌத்த குருமார் நடத்துகிற பார். தலையை மழித்து, கறுப்பு அங்கி உடுத்த ஒருவர் கவுண்டருக்குப் பின்னால் நின்று பனிக்கட்டி போட்டு ஊற்றிக் கொடுக்கிறார். மூலையில் சின்னதாக ஒரு பூசைத் தட்டு, ஊதுவத்திப் புகை. ஒன்பது மணி போல அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கிண்ண மணியைத் தட்டினார். எல்லோரும் கிளாசைக் கீழே வைத்தார்கள். சில நிமிடம் சூத்திரம் ஓதினார். முடிந்ததும் திரும்பக் கதைப்பேச்சு, திரும்பக் கிளாஸ்.

பௌர்ணமிப் போயா தினத்தில் நாடு முழுக்க மதுக்கடை பூட்டியிருக்கும் நாட்டிலிருந்து போன எனக்கு அதைப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது. பௌத்தர்களின் ஐந்து சீலத்தில் ஒன்று மதுவைத் தொடாதே என்பது. எங்கள் வாட்டில் என்னோடு வேலை செய்கிற சிங்களச் சகோதரி போயாவுக்கு வெள்ளை உடுத்துச் சில் எடுக்கிறவர், அன்று முழுக்கச் சீலம் காக்கிறவர். அவர் இதைக் கண்டால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். தம்பி எனக்கு விளங்கப்படுத்தினான். ஜப்பானில் குருமார் திருமணம் செய்யலாம், இறைச்சி உண்ணலாம் என்று 1872இலேயே அரசு சொல்லிவிட்டது. அதற்கும் பல நூற்றாண்டு முன்னே ஷின்ரான் என்ற பெரிய குரு மனைவி பிள்ளையோடு வாழ்ந்திருக்கிறார். சரி, அது அவர்கள் வழி. எனக்குப் பிடிபடாதது இன்னொன்று. கவுண்டரின் ஓரத்தில் ஓர் இளம் பெண் உட்கார்ந்து அந்தக் குருவிடம் தாழ்ந்த குரலில் நீளமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அவர் ஒரு கிளாசைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் அந்த ஒரே கிளாசைத்தான் துடைத்தார். அவளுக்கு முன்னால் இருந்த பானம் அப்படியே இருந்தது, பனிக்கட்டி கரைந்து நிறம் வெளுத்திருந்தது.

இங்கே போயாவுக்கு முதல் நாள் மாலை மதுக்கடை வாசலில் நிற்கிற வரிசையை நினைத்தேன். நாளைக்குக் கிடைக்காது என்று இரண்டு மடங்காக வாங்குவார்கள். வாங்கியது நாளைக்கு இருக்கவும் இருக்காது, அன்றிரவே முடிந்துவிடும். அதற்காகப் போயாவில் திறந்து வை என்று சொல்லமாட்டேன். ஒரு நாளாவது பூட்டியிருப்பதற்கு நன்றி சொல்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

மாமா

ஷின்ஜுகு நிலையத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 இலட்சம் பேர் ஏறி இறங்குகிறார்கள் என்றான் தம்பி. எங்கள் மாவட்டச் சனத்தொகையைப் போலப் பல மடங்கு. அந்த நெரிசலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கோல்டன் காய் என்கிற இடம் வருகிறது. ஆறே ஆறு ஒடுங்கிய சந்து, இரண்டு மாடிப் பழைய பலகைக் கட்டடங்கள், அதற்குள் 200க்கும் மேற்பட்ட பார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். யுத்தத்துக்குப் பிறகு கறுப்புச் சந்தையில் தொடங்கி, அப்புறம் உடல் விற்கிற இடமாகி, 1958இல் அதைத் தடுக்கிற சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்ததும் பாராக மாறிய சந்துகள் அவை. எண்பதுகளில் டோக்கியோவின் நிலவிலை வானத்துக்கு ஏறியபோது, இந்தச் சந்தை இடித்து மாடிக்கட்டடம் எழுப்ப நினைத்தவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. தீ வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அங்கே குடிக்க வருகிறவர்கள் முறை போட்டு இரவுக்காவல் இருந்தார்களாம். குடிகாரர்கள் காவல் காத்த தெரு. இதைக் கேட்டபோது நான் நடையை நிறுத்தி அந்தச் சுவர்களை ஒருமுறை பார்த்தேன்.

தம்பி கூட்டிப்போனது மேல்மாடியில் இருந்த ஒன்று. படி என்று சொல்கிறார்கள், உண்மையில் ஏணிதான். குனிந்து உள்ளே போனால் ஏழு முக்காலி. எங்கள் வீட்டுக் குசினி அதைவிடப் பெரிது. கவுண்டருக்கு அப்பால் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, முழங்கை வரை சட்டையை மடித்து, இடுப்பில் ஏப்ரன் கட்டியிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவரை "மாமா, மாமா" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே மாமா என்றால் அம்மா என்று பொருளாம். பார் நடத்துகிற பெண்ணை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். உட்கார்ந்ததும் ஆளுக்கு ஆயிரம் யென், இருக்கைக்கு. கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் அவித்த பூசணித் துண்டு இரண்டு வந்தது. வெறும் வயிற்றில் யாரும் குடிக்கக்கூடாது என்பதற்காக என்று நானாக எடுத்துக்கொண்டேன். எனக்கு ஊலோங் தேநீர். எந்த ஊர் என்று கேட்டார். தம்பி சொன்னதும் "ஆ, செய்ரோன்" என்று என் தேநீர்க் கிளாசைக் காட்டிச் சிரித்தார்.

அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கப் போத்தல். எல்லாம் திறந்த போத்தல். ஒன்றில் முக்கால், ஒன்றில் பாதி, ஒன்றில் அடியில் இரண்டு விரல் அளவு. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய ஓர் அட்டை, அட்டையில் ஒரு பெயர், ஒரு தேதி. வாடிக்கையாளர் முழுப் போத்தலாக வாங்கிப் பாரிலேயே வைத்துவிட்டு, வரும்போதெல்லாம் அதிலிருந்து குடிப்பார் என்று தம்பி சொன்னான். அங்கே அது எங்கும் உள்ள வழக்கம். நான் பூசணியை மறந்துவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இரண்டு முக்காலி தள்ளி ஒரு வயதான மனிதர். ஓய்வு பெற்றவர் போல. அவர் போத்தலை மாமா இறக்கினார். வற்றாளைக் கிழங்கில் வடித்த ஷோச்சு. முதல் கிளாசில் பாதி ஷோச்சு, பாதி சுடுதண்ணீர். அங்கே தன் கிளாசைத் தானே நிரப்புகிற பழக்கம் இல்லை, இன்னொருவர் கைதான் ஊற்றும். இரண்டாவது கிளாசில் சுடுதண்ணீர் கூடியது. மூன்றாவதில் ஷோச்சு காட்டினாற்போலத்தான் விழுந்தது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்து ஆறுதலாகக் குடித்தபடி, தன் முழங்கால் வலி பற்றியோ என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா போத்தலின் மூடியை இறுக்கினார். மேலே தொங்கிய பல்புக்கு நேரே தூக்கி, எவ்வளவு மீதி என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு துணியால் துடைத்து, அட்டை முன்னுக்குத் தெரியும்படி திருப்பி, பழைய இடத்திலேயே வைத்தார்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று தம்பி மூலம் கேட்டேன். ஏதோ பெரிய பதில் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசலைக் காட்டினார். "படி செங்குத்து. இவர் விழுந்தால் தூக்க என்னால் முடியாது." அவ்வளவுதான். அந்த மனிதருக்கும் அது கேட்டிருக்க வேண்டும், தலையை ஆட்டிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, பின்பக்கமாகத் திரும்பி, பிள்ளைகள் இறங்குவதுபோலப் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். கீழே கால் வைத்த சத்தம் கேட்கும் வரைக்கும் மாமா வாசலில் நின்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி பயந்துபோனான்.

மண்முனைத் துறையடி

எங்கள் வீடு மட்டக்களப்பு ஆரையம்பதியில். வயல் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். பாலம் இல்லாத காலத்தில் வாவியைக் கடக்க மண்முனைப் பாதைதான்; ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அப்பா விடியப் பாதையேறிப் போவார், பொழுதுபடப் பாதையேறி வருவார். வந்து இறங்கியதும் நேரே வீட்டுக்கு வரமாட்டார். யாராவது பெடியனிடம் காசு கொடுத்து அரைப் போத்தல் சாராயம் எடுப்பித்து, துறையடியில் நின்று குடித்துவிட்டுத்தான் வருவார். பத்து வயதில் டோர்ச்சோடு என்னை அனுப்புவார்கள், கூட்டிக்கொண்டு வா என்று. அந்தக் காட்சி இப்போதும் அப்படியே இருக்கிறது. கண்ணா என்கிற கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட தோணி. அப்பா உட்காரமாட்டார். வீதிக்கு முதுகைக் காட்டி, வாவியைப் பார்த்து நின்று, தலையை அண்ணாத்தி ஒரே மூச்சில். தண்ணீர் கலக்கிறதில்லை. புறங்கையால் வாயைத் துடைப்பார், திரும்ப ஒரு மூச்சு. அவரைப் போல இன்னும் நாலைந்து பேர் பத்தடிக்கு ஒருவராக நிற்பார்கள், எல்லோர் முகமும் தண்ணீரைப் பார்த்து. ஒருவரோடு ஒருவர் கதைத்து நான் கேட்டதில்லை. முடிந்ததும் போத்தலைக் கண்ணாவுக்குள் எறிகிற சத்தம் மட்டும் கேட்கும்.

தாதியாக இப்போது எனக்குத் தெரியும், அந்த அரை மணித்தியாலம் அவர் உடம்பில் என்ன செய்தது என்று. ஈரலால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு கிளாஸ் அளவைத்தான் எரிக்க முடியும். சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். விடியச் சாப்பிட்ட சோற்றோடு வெயிலில் நின்றுவிட்டு வெறும் வயிற்றில் அதை இறக்கினால், சாப்பாடு போட்டு இரவு முழுக்கக் குடிக்கிறவரைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும். வாட்டில் வயிற்றில் நீர் கட்டி, கண் மஞ்சளித்து வருகிறவர்களிடம் எப்படிக் குடிப்பீர்கள் என்று கேட்டால் அனேகம் பேர் கையைத்தான் காட்டுவார்கள், அண்ணாத்திக் கவிழ்க்கிற மாதிரி.

ஆனால் அப்பா எப்போதும் அப்படிக் குடித்தவர் இல்லை. அந்த முக்காலியில் இருந்தபோதுதான் எனக்கு இது நினைவு வந்தது, அதனால்தான் அழுதேன். எனக்கு ஆறேழு வயதாக இருந்தபோது அவர் வீட்டு வளவில், வாழையடியில் வாங்கு போட்டு உட்கார்ந்து குடித்தார். அம்மா இறால் பொரித்துக் கொடுப்பார். அப்பா எனக்கும் ஒன்று தருவார், ஓட்டை உரித்து. வயலில் யானை வந்த கதை, காவல் பரணில் பாம்பு ஏறிய கதை எல்லாம் அந்த வாங்கில்தான் கேட்டேன். பிறகு குடி கூடியது. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. மீட்கவில்லை. ஒரு நாள் அப்பா முடிக்காமலே வாங்கில் நித்திரையாகிவிட்டார். அம்மா பாதிப் போத்தலை எடுத்து வாழையடியில் ஊற்றிவிட்டார். காலையில் அப்பா வெறும் போத்தலைப் பார்த்தார். சண்டை பிடிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் வீட்டுக்குப் போத்தல் கொண்டுவந்ததில்லை. துறையடியிலேயே முடித்துவிட்டு வரத் தொடங்கினார்.

இதைத்தான் என்னால் ஒரு பக்கமாக வைக்க முடியவில்லை. அம்மா செய்தது பிழை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வட்டி ஏறுகிற தோடு, பாடசாலைக் கொப்பி வாங்கக் காசில்லாத மகள், வாசலில் கடன்காரன். அந்த இடத்தில் நின்ற எந்தப் பெண்ணும் ஊற்றியிருப்பாள், நானும் ஊற்றியிருப்பேன். ஆனால் எங்கள் பக்கத்தில் திறந்த போத்தலுக்கு இருக்க ஓர் இடம் இல்லை. வீட்டுக்கு வந்தால் ஊற்றப்படும். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டிய காலம் வேறு. பாரில் வைக்க முடியாது, மடியில் வைத்துக்கொண்டு கோயில் வீதியால் வர முடியாது. அதற்கு மிஞ்சி இருந்த ஒரே இடம் வயிறுதான். அத்தனையும் அங்கே போனது.

மட்டக்களப்பில் "நீங்க என்ன குடி?" என்று கேட்டால் தாய்வழியில் எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்று கேட்பதாக அர்த்தம். கலியாணம் பேசும்போது முதலில் வருகிற கேள்வி. குடி குடியைக் கெடுக்கும் என்ற வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் குடிதான் ஞாபகம் வரும். வீடும் வளவும் அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. அப்பா அங்கே வந்து சேர்ந்தவர். ஊற்றிய இரவுக்குப் பிறகு அந்த வளவில் அவருக்கு உட்கார ஒரு வாங்குகூட இல்லாமல் போனது என்பதை நான் இவ்வளவு காலம் யோசித்ததே இல்லை.

கழற்றி வைத்த சப்பாத்து

டோக்கியோவில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசி ரயிலைப் பிடிக்க நாங்கள் ஓடியபோது நிலையத்துப் படிகளில் ஒருவர் விழுந்து கிடந்தார். நல்ல கோட்டு, கழுத்துப்பட்டி, முப்பத்தைந்து வயதிருக்கும். சப்பாத்து இரண்டையும் கழற்றி, தன் வீட்டு வாசலில் வைப்பதுபோலப் பக்கத்தில் சோடியாக அடுக்கி வைத்திருந்தார். மல்லாந்து கிடந்தார், வாயோரம் வாந்தி. எனக்குக் கால் நகரவில்லை. முழங்காலில் இருந்து மூச்சைப் பார்த்தேன், வாயைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து மேல்காலை மடித்துவிட்டேன். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். நிலையத்து ஊழியர் ஒருவர் வந்து எனக்குக் குனிந்து வணங்கிவிட்டு, மிகவும் பழகிய கையால் அவரைத் தூக்கி உட்கார வைத்தார். அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஒவ்வொரு இரவும் இது நடக்கிறதென்று. குடியால் வருகிற நோய்களைத் தடுப்பதற்கென்றே 2013இல் ஒரு சட்டம் இயற்றிய நாடு அது.

அந்த மனிதருக்கும் எங்காவது ஒரு சுவரில் பெயர் எழுதிய போத்தல் இருந்திருக்கலாம். அப்படியென்றால் நான் ஏழு முக்காலி பாரில் கண்டது என்ன? ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு பெண் ஒரு கிழவருக்கு மூன்றாவது கிளாசில் சுடுதண்ணீரைக் கூட்டி ஊற்றினார். அதை நான் கண்டேன். பார் என்பதை நான் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்; நாளைக்கே சந்தியில் இன்னொரு மதுக்கடை திறக்க வந்தால் மறியலில் முன்வரிசையில் நிற்பேன். எங்கள் ஊரில் குடிக்கிறவரின் கிளாசைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு கண் இருந்திருந்தால் என்று மட்டும் மனம் அடித்துக்கொள்கிறது. எங்களிடம் இருப்பது ஊற்றிவிடுகிற கையும் முகத்தைத் திருப்புகிற ஊரும்.

வீட்டில்

அப்பாவுக்கு இப்போது எழுபத்து நாலு. ஈரல் பழுதாகத் தொடங்கியதும் குடியை விட்டார், பத்து வருடத்துக்கு மேலாகிறது. அதே காலத்தில்தான் 2014இல் மண்முனைப் பாலமும் திறந்தார்கள். ஜப்பான் கொடுத்த நன்கொடையில் கட்டியது. பாலம் வந்ததும் பாதை நின்றது, துறையடியில் ஆளில்லை. கண்ணாவுக்குள் கிடக்கிற போத்தல்களை இனி யாரும் எடுக்கப்போவதில்லை.

வந்த வாரம் ஒரு பின்னேரம் முன்விறாந்தையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குருமார் நடத்துகிற பாரைச் சொன்னபோது நம்பவில்லை. ரயில் ஓடுகிற மேசையைக் கேட்டுச் சிரித்தார். போத்தல் சுவரைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போத்தல்ல பேரா?"

"ஓம் அப்பா. அட்டையில எழுதிக் கழுத்துல கட்டியிருக்கும்."

"முழுப் பேருமா?"

"ஓம்."

கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க லேபலையும் சுரண்டிப்போட்டுத்தானே குடிக்கிற" என்றார்.

துறையடியில் நிற்கும்போது மற்றவர்களோடு என்ன கதைப்பீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அதைக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. "என்னத்தக் கதைக்கிற? தெரிஞ்ச ஆரும் வந்திருவாங்க எண்டு பயம். நீ டோர்ச்சக் கொண்டு வாறது தூரத்துல தெரியும். அதுக்கு முதல் முடிக்கணும்."

என் டோர்ச். நான் வருவது தெரியட்டும் என்றுதான் அதை ஆட்டிக்கொண்டே போவேன்.

அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல், "வாழையடியில குடிச்ச காலத்துல நல்லாக் கதை சொல்லுவீங்க" என்றேன். "அம்மா அந்தப் பாதிப் போத்தல ஊத்தினதுக்குப் பிறகுதான்..." வசனத்தை முடிக்கவில்லை. அம்மா உள்ளே இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சுளகில் அரிசி புடைக்கிற சத்தம் நின்றது.

"பாதி இல்ல புள்ள" என்றார் அம்மா. "கால்தான் இருந்த. ஊத்தக்குள்ள விளக்குக்கு நேர தூக்கிப் பாத்தன்."

பிறகு திரும்பவும் சுளகுச் சத்தம் கேட்டது.